சிற்றுருவும் நிழற்படமும்

பெரியதைச் சிறியதாக்கிப் பார்ப்பதில் மனிதன் என்றும் மகிழ்ச்சி கொண்டவன். கப்பலைப் புட்டிக்குள் நிறுத்துவான். புகைவண்டியை மேசைமீது ஓட விடுவான். மாளிகையை அட்டையில் எழுப்புவான். அவ்வாறு தன் கையால் செய்த சிற்றுருவைப் பிறரும் கண்டு மகிழ வேண்டும் என்னும் ஆசை அவனுக்கு இயல்பாகவே எழுகிறது. ஆயினும் ஒருவன் இல்லத்திற்கு வந்து காண்போர் எத்தனை பேர்? ஆகவே அவன் நிழற்படத்தின் துணையை நாடினான்.

அங்கேதான் ஏமாற்றம் காத்திருந்தது. கண்ணெதிரே உயிர்ப்புடன் நின்ற சிற்றுரு, படத்தில் வெறும் பொம்மையாகி விட்டது. முகப்பு தெளிவாக இருந்தால் பின்புறம் மங்கியது. ஒரு பொருளுக்கு இரண்டு நிழல்கள் விழுந்தன. கண்ணுக்குத் தோன்றாத தூசியும் பசைத்தடமும் பெரிதாகத் தெரிந்தன. இக்குறைகளை வெல்ல முயன்றோரின் வரலாறு ஏறத்தாழ 150 ஆண்டுகள் நீண்டது. ஒளி, துலக்கம், நோக்குநிலை ஆகிய மூன்றையும் அவர்கள் படிப்படியாகக் கற்றனர். இம்மூன்றிலும் தேர்ந்தவன் கையில் பெரும் ஆற்றல் ஒன்று சேர்கிறது. சிறியதைப் பெரியதென நம்ப வைக்கும் ஆற்றல் அது. அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் கேள்வி இவ்வரலாறு முழுவதும் உடன் வருகிறது.

நிலவைச் சாந்தில் வடித்தவர்

1808-ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் பிறந்த ஜேம்ஸ் நாஸ்மித், நீராவிச் சம்மட்டியால் புகழ்பெற்ற பொறியாளர். 1856-இல், தம் 48-ஆம் வயதிலேயே தொழிலிலிருந்து ஓய்வு பெற்று, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் குடியேறி வானாய்வில் ஈடுபட்டார். தாமே செய்த தொலைநோக்கியில் நிலவின் மேற்பரப்பை இரவுதோறும் நோக்கி, அதன் மலைகளையும் வட்டப் பள்ளங்களையும் வரைந்து வைத்தார். கிரீனிச் வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் கார்ப்பென்டருடன் சேர்ந்து, நிலவைப் பற்றி அவர் எழுதிய நூல் 1874-இல் வெளிவந்தது.

நூலுக்குப் படங்கள் தேவைப்பட்டன. தொலைநோக்கி வழியாக நிலவை நிழற்படம் எடுக்கும் முறை அக்காலத்திலேயே இருந்தது. ஆனால் காற்றின் அலைவாலும், ஒளியை மெல்ல ஏற்கும் தகடுகளாலும், கண் காணும் நுட்பங்கள் அப்படங்களில் பதியவில்லை. நாஸ்மித் வேறு வழி கண்டார். தம் ஓவியங்களை அடிப்படையாகக் கொண்டு நிலவின் பகுதிகளைப் பாரிஸ் சாந்தில் வடித்தார். அவ்வுருக்களை வெயிலில் வைத்து, கதிர்கள் சாய்வாக விழுமாறு திருப்பி நிழற்படம் எடுத்தார். பள்ளங்களின் விளிம்புகள் நீண்ட கருநிழல்களை வீழ்த்தின. தொலைநோக்கியின்முன் அமர்ந்தவன் காணும் நிலவே தாளில் தோன்றியது.

சிற்றுருவைப் படமெடுப்போர் இன்றும் போற்றும் முதற்பாடம் இதில் அடங்கியிருக்கிறது. கதிரவன் ஒன்றே, அது மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் ஏறத்தாழ இணையாக வந்து சேர்கின்றன, ஒரு பொருளுக்கு ஒரு நிழலே விழுகிறது. அறைக்குள் இரு விளக்குகளை இருபுறமும் வைத்தால் நிழலும் இரண்டாகிறது. விளக்கை மிக அருகில் வைத்தாலோ, உருவின் ஒருபுறம் பளிச்சிட மறுபுறம் இருள்கிறது. வெட்டவெளியில் நிற்கும் உண்மைப் பொருளுக்குக் கதிரவன் அவ்வாறு ஒளி தருவதில்லை. காண்போர் காரணம் அறியாவிடினும் ஏதோ பொய் என்று உணர்ந்து விடுகின்றனர். ஆகவே முதன்மை ஒளி ஒன்றாகவும், இயன்ற அளவு தொலைவிலும் இருத்தல் வேண்டும். நிழல் மிகக் கறுத்தால் எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி அதனைத் தணிக்கலாம். காலை அல்லது மாலை வெயில் இதற்கெல்லாம் செலவில்லாத துணை.

நாஸ்மித்தின் நூலில் இன்னொரு சிறப்பும் உண்டு. படங்கள் சாந்து உருக்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை ஆசிரியர்கள் மறைக்கவில்லை, நூலிலேயே கூறிவிட்டனர். அவர்களுடைய கருத்துகள் சில பிற்காலத்தில் தவறெனத் தெரிந்தன. நிலவின் வட்டப் பள்ளங்கள் எரிமலைகளால் உண்டானவை என்று அவர்கள் நம்பினர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்கற்கள் மோதியதால் உண்டானவை என்பது இன்றைய அறிவு. அவர்கள் கூர்மையாக வடித்த மலைமுகடுகள், 1969 முதல் 1972 வரை மனிதர் நேரில் சென்று எடுத்த படங்களில் வழவழப்பான மேடுகளாகக் காட்சியளித்தன. நிழற்படம் துல்லியமாக இருந்தது. அது காட்டிய உருவே கருத்தின் வடிவம். எனினும், எதைப் படம் பிடித்தோம் என்பதைச் சொல்லிவிட்டமையால் அவர்களுடையது பிழையாயிற்றே அன்றிப் பொய்யாகவில்லை.

ஏரியில் எழுந்த தலை

அடுத்து வந்த நூற்றாண்டில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. 1934 ஏப்ரல் 21-ஆம் நாள், லண்டன் நாளேடான டெய்லி மெயில், ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் எடுக்கப்பட்டதாக ஒரு படத்தை வெளியிட்டது. நீண்ட கழுத்தும் சிறிய தலையும் நீருக்கு மேல் எழுந்து நின்றன. எடுத்தவர் ராபர்ட் கென்னத் வில்சன் என்னும் மருத்துவர் என்று கூறப்பட்டது. மருத்துவர் பொய் சொல்வாரா என்று உலகம் நம்பியது. அறுபது ஆண்டுகள் அந்தப் படமே ஏரி விலங்கிற்குச் சான்றாக விளங்கியது.

உண்மை 1994-இல் வெளிவந்தது. அதே நாளேட்டின் சார்பில் விலங்கைத் தேடச் சென்றவர் மார்மடியூக் வெதரல் என்னும் வேட்டைக்காரர். அவர் கண்ட காலடித் தடங்கள் நீர்யானையின் பதப்படுத்திய காலால் பதிக்கப்பட்டவை என்று அறிஞர்கள் கூறவே, அவர் நகைப்புக்கு இடமானார். அதன்பின் அவர், சிற்றுருச் செய்வதில் வல்ல தம் உறவினர் கிறிஸ்டியன் ஸ்பர்லிங்கின் உதவியை நாடினார். விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின்மீது கழுத்தும் தலையும் செய்து பொருத்தப்பட்டன. ஏறத்தாழ ஓரடி உயரமே கொண்ட அந்த உருவை நீரில் மிதக்க விட்டுப் படம் எடுத்தனர். ஸ்பர்லிங் 1993-இல் மறைவதற்கு முன் இதனை ஒப்புக்கொண்டார்.

அப்படம் வென்றதற்கும் பின்னர் ஐயத்திற்கு உள்ளானதற்கும் காரணம் ஒன்றே. நாளேட்டில் வந்தது சுற்றுப்புறம் வெட்டப்பட்ட படம். கரையோ படகோ அதில் இல்லை. அளவை ஒப்பிட ஒரு பொருளும் இல்லை. ஆகவே தலை பெரிதாகத் தோன்றியது. வெட்டப்படாத முழுப் படத்தில் அது பரந்த நீர்ப்பரப்பின் நடுவே சிறிதாக நின்றது. அதனைச் சூழ்ந்த அலைகளோ சிற்றலைகளாகத் தெரிந்தன.

மரத்தையும் மலையையும் சிறிதாகச் செய்யலாம். நீரைச் சிறிதாக்க இயலாது. நீர்த்துளியின் அளவை நீரின் பரப்பு இழுவிசை முடிவு செய்கிறது. சிறிய கப்பலின் முன்னும் அதே துளிதான் தெறிக்கும். சிற்றுருக்களில் ஆற்றையும் கடலையும் மெருகெண்ணெயாலும் பிசினாலும் செய்து அசைவற்று நிறுத்துவது இதனாலேயே. படத்தில் அளவைக் காட்டிக் கொடுப்பவை உருவின் குறைகள் மட்டுமல்ல. சுற்றியுள்ள ஒவ்வொரு பொருளும் காட்டிக் கொடுக்கும்.

குவாந்தான் கடலும் படப்பிடிப்புத் தளத்துக் கடலும்

நீரின் இந்தப் பிடிவாதத்தோடு போராடியவருள் தலையாயவர் ஜப்பானியத் திரைக்கலைஞர் எய்ஜி சுபுராயா. 1954-இல் வெளிவந்த காட்ஜில்லா திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்றவர் அவர். ஆனால் அவருடைய கைத்திறனைப் பெரிதும் வெளிப்படுத்திய முந்தைய படம் மலாயாவோடு தொடர்புடையது.

1941 டிசம்பர் 10-ஆம் நாள், குவாந்தானுக்கு அப்பால் உள்ள கடலில், பிரிட்டனின் பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரு போர்க்கப்பல்களை ஜப்பானிய வானூர்திகள் மூழ்கடித்தன. 840 பேர் உயிரிழந்தனர். ஓராண்டு நிறைவின்போது, 1942 டிசம்பரில், அத்தாக்குதலையும் பேர்ல் துறைமுகத் தாக்குதலையும் சித்திரிக்கும் திரைப்படம் ஜப்பானில் வெளிவந்தது. கஜிரோ யமமோட்டோ இயக்கிய அப்படத்தில் துறைமுகம், கப்பல்கள், வானூர்திகள் ஆகியவற்றைச் சிற்றுருக்களாக அமைத்துப் போர்க்காட்சிகளை உருவாக்கியவர் சுபுராயா.

ஓடும் படத்தில் சிற்றுருவைக் காட்டுவோர் கையாளும் கணக்கு ஒன்று உண்டு. 16 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையை அடைய ஏறத்தாழ 1.8 நொடி ஆகும். அதனையே 16-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் உயரம் 1 மீட்டர். விழும் நேரம் 0.45 நொடி. அளவு 16 மடங்கு சுருங்கினாலும் நேரம் 4 மடங்கே சுருங்குகிறது. ஆகவே கேமராவை 4 மடங்கு விரைவாக ஓட்டிப் படமெடுத்து, இயல்பான விரைவில் காட்டினால், சிறிய கப்பலும் பெருங்கப்பலின் எடையோடு அசைவதாகத் தோன்றும். இத்தகைய உத்திகளால் உருவான காட்சிகள் போர்க்காலத்து ஜப்பானிய மக்களை மெய்ம்மறக்கச் செய்தன.

படம் ஓடிய அதே நாட்களில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானிய ஆட்சியின்கீழ்ப் பசியிலும் அச்சத்திலும் வாடின. திரையில் வெற்றிக் காட்சியாக ஒளிர்ந்த அதே நிகழ்ச்சி, இம்மண்ணின் மக்களுக்குத் துயரத்தின் தொடக்கமாக இருந்தது. போர் முடிந்தபின், 1948-இல், சுபுராயா பொதுப்பணித் தடைக்கு உள்ளானார். கலைத்திறன் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. யாருக்காக, எதனை நம்பச் செய்ய அது பயன்படுகிறது என்பதே அதன் தகுதியை முடிவு செய்கிறது.

தீயில் மறைந்த இருப்புப்பாதை

போருக்குப் பின் இக்கலை பொழுதுபோக்காளர் கைக்கு வந்தது. அவர்களுள் தனியிடம் பெற்றவர் அமெரிக்காவின் ஜான் ஆலன். 1913-இல் பிறந்த அவர் நிழற்படத் தொழிலில் தேர்ந்தவர். கலிபோர்னியாவின் மான்ட்டரே நகரில் தம் வீட்டின் கீழ்த்தளத்தில், உண்மையளவில் 87-இல் ஒரு பங்கான புகைவண்டி உலகம் ஒன்றைப் பல ஆண்டுகள் உழைத்து அமைத்தார். கூரையைத் தொடும் மலைகளும் தரைவரை இறங்கும் பள்ளத்தாக்குகளும் அதில் இருந்தன. வண்டிகளைப் புதுமெருகோடு விடாமல் துருவும் கரியும் படிந்தனவாகத் தீட்டினார். அந்தப் பாதைக்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயரை வாய்விட்டுப் படித்தால், குருதி தோய்ந்து தோற்றது என்னும் பொருள் ஒலிக்கும். பெட்டிகளை இழுத்து வரிசைப்படுத்தும் பணிக்கு எம்மா என்னும் தொல்விலங்கு பொம்மை ஒன்றையும் அமர்த்தியிருந்தார். தம் உலகம் விளையாட்டுலகமே என்பதை அவர் மறைக்கவில்லை.

அவர் எடுத்த படங்களே அவரை நாடறியச் செய்தன. இருப்புப்பாதைச் சிற்றுரு இதழ்களிலும் விளம்பரங்களிலும் அவை வெளிவந்தபோது, மெய்யான மலைப்பாதையோ என்று வாசகர்கள் மயங்கினர். இதற்கு அவர் வென்ற தடை, துலக்கம் பற்றியது.

லென்ஸ் ஒரு தொலைவில் உள்ள பொருளையே முழுத்தெளிவாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் ஓரளவே தெளிவு நீளும். பொருள் நெருங்க நெருங்க அந்த நீளம் குறுகிவிடும். 35 மில்லிமீட்டர் படச்சுருள் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தி, ஒளிபுகு துளையை எட்டாம் எண்ணில் வைத்து, 10 மீட்டர் தொலைவில் நிற்கும் உண்மையான வண்டியை நோக்கினால், ஏறத்தாழ 5 மீட்டரிலிருந்து 200 மீட்டருக்கு அப்பாலும் தெளிவு நீளும். அதே கருவியால் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள சிறிய வண்டியை நோக்கினால் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டரே தெளியும். வண்டியின் முகப்பு துலங்க, அதன் பின்னுள்ள பெட்டிகள் மங்கிவிடும். மங்கல் கண்டவுடன் காண்போர் உள்ளம் இது சிறியது என்று முடிவு கட்டிவிடுகிறது.

இம்முடிவு எத்துணை வலியது என்பதற்கு எதிர்ச்சான்று ஒன்று உண்டு. இத்தாலியக் கலைஞர் ஒலிவோ பார்பியேரி 2003 முதல் உண்மையான மாநகரங்களை வானிலிருந்து எடுத்த படங்களில், லென்ஸைச் சாய்த்துப் பெரும்பகுதியை மங்கச் செய்தார். மெய்யான நகரங்கள் மேசைப் பொம்மைகளாகத் தோன்றின.

மங்கலைப் போக்கும் பழைய வழி, ஒளிபுகு துளையைச் சுருக்குவது. ஆலன் அதனை ஊசித்துளை அளவுக்குக் கொண்டு சென்றார். துளை சிறுத்தால் அருகும் தொலைவும் ஒருங்கே துலங்கும். அதற்கு இரண்டு விலைகள் கொடுக்க வேண்டும். உட்புகும் ஒளி மிகக் குறைவதால் கேமரா நெடுநேரம் அசையாது நிற்க வேண்டும். மிகச் சிறிய துளையில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் சற்றே மென்மையாகும். உறுதியான முக்காலியும் பொறுமையும் இன்றியமையாதனவாயின. இக்காலத்தில் மூன்றாவது வழி ஒன்று பிறந்துள்ளது. கேமராவை அசைக்காமல், தெளிவின் இடத்தைச் சிறிது சிறிதாகப் பின்னோக்கி நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் தெளிந்த பகுதிகளைக் கணினியால் ஒன்றாக இணைப்பது அது.

1973 சனவரியில் ஆலன் மறைந்தார். அவர் மறைந்த சில நாட்களில் வீட்டில் தீப்பற்றி, அவருடைய சிற்றுலகின் பெரும்பகுதி அழிந்தது. இன்று அப்பாதையைக் காண விரும்புவோர்க்கு எஞ்சியிருப்பவை நிழற்படங்களும் அவற்றைக் கொண்டு 1981-இல் வெளிவந்த ஒரு நூலுமே. சாந்தும் மரமும் அழியும். நன்றாக எடுத்த படம் அவற்றின் நினைவைக் காக்கும். படமெடுத்தல் சிற்றுருக் கலைஞனுக்கு வெறும் தற்பெருமை அன்று. தன் உழைப்புக்கு அவன் செய்யும் காப்பு.

கண்ணின் உயரம்

மூன்றாம் பாடமான நோக்குநிலையை, கணினி வலையத்தின் வழியே உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவின் மைக்கேல் பால் ஸ்மித். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த அவர், 24-இல் ஒரு பங்கு அளவுள்ள பழைய மோட்டார் வண்டிகளையும் தாமே கட்டிய வீடுகளையும் கொண்டு, எல்ஜின் பார்க் என்னும் கற்பனை ஊரைப் படைத்தார். சிற்றுருக்களை ஒரு மேசைமீது வைத்து, மெய்யான தெருவோரத்தில் அம்மேசையை நிறுத்துவார். மேசையின் விளிம்பு பின்னணியில் உள்ள தெருவோடு இணையுமாறு கேமராவைத் தாழ்த்துவார். அருகில் உள்ள சிறிய வண்டியும் தொலைவில் உள்ள மெய்யான மரமும் ஒரே அளவில் பொருந்திவிடும். ஒளி, இயற்கை ஒளி. கேமரா, எவரும் வாங்கக்கூடிய சிறியதொன்று. 2010-ஆம் ஆண்டளவில் அப்படங்கள் உலகெங்கும் பரவின.

பெரும்பாலோர் சிற்றுருவை நின்றபடியே மேலிருந்து படமெடுக்கின்றனர். அவ்வாறு காண்பது வானில் பறப்பவன் பார்வை. தெருவில் நிற்கும் ஒருவனின் கண் தரைக்கு மேல் ஏறத்தாழ 160 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. அதனை 24-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.7 சென்டிமீட்டர், ஆலனின் புகைவண்டி உலகில் அது 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. லென்ஸ் அந்த உயரத்திற்கு இறங்கினால்தான் காண்பவன் அவ்வுலகினுள் நிற்பான். இன்றைய கைத்தொலைபேசியின் கேமரா இதற்கு வாய்ப்பானது. அதன் லென்ஸ் விளிம்பருகே அமைந்திருப்பதால் தலைகீழாகப் பிடித்தால் தரையைத் தொடும் அளவுக்குத் தாழும். அதன் உணர்பரப்பு சிறியதாகையால் துலக்கமும் ஆழமாக நீளும்.

அவ்வளவு தாழ்ந்து நோக்கும்போது தூய்மையும் கணக்கில் சேர்கிறது. ஆலனின் உலகில் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள நூலிழை, 8.7 சென்டிமீட்டர் நீளமுள்ள கயிறாகிவிடும். மென்தூரிகையால் தூசியைத் துடைப்பது படமெடுத்தலின் முதல் வேலை.

ஸ்மித்திடம் போற்றத்தக்க பண்பு இன்னொன்று. மெய்யென மயக்கும் படத்தை வெளியிட்ட அவர், மேசையும் தாங்கிகளும் தெரியுமாறு சற்று விலகி நின்று எடுத்த படங்களையும் வெளியிட்டார். செய்முறை தெரிந்ததால் காண்போரின் மகிழ்ச்சி குறையவில்லை, வியப்பு கூடியது. 2018-இல் அவர் மறைந்த பின்னும் எல்ஜின் பார்க் அன்போடு நினைக்கப்படுகிறது.

நிறைவாக

லாக் நெஸ் படத்தை எடுத்தோரும் ஸ்மித்தும் கையாண்டது ஒரே கலைதான். இருவரும் அளவை மறைத்தனர். இருவரும் சிறியதைப் பெரியதாகக் காட்டினர். ஒரு படம், உண்மை தெரிந்த நாளில் சான்று என்னும் தகுதியை இழந்தது. மற்றொன்று, உண்மையைத் தானே சொன்னதால் மதிப்பில் உயர்ந்தது. நாஸ்மித்தின் நிலவுப் படங்கள், அறிவியல் கருத்து மாறிய பின்னும் இன்றும் போற்றப்படுவதற்குக் காரணமும் அதுவே.

எவரும் எளிதில் படமெடுத்து நொடியில் உலகெங்கும் அனுப்பும் காலம் இது. கருவியே கற்பனைப் படங்களை வரைந்து தரும் நிலையும் வந்துவிட்டது. இந்நிலையில், தன் கையால் ஒரு சிறு கப்பலைச் செய்து, அதன் முன் முழந்தாளிட்டுக் குனிந்து, ஒற்றை ஒளியில் பொறுமையாக அதனைப் படமெடுப்பவனின் உழைப்புக்குத் தனி மதிப்பு உண்டு. அவன் படத்தின் அடியில், இன்ன பொருள், இன்ன அளவு, இன்ன முறையில் எடுக்கப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரி படத்தின் அழகைக் குறைப்பதில்லை. அதனை எடுத்த கைக்கு உரிய பெருமையைச் சேர்க்கிறது.